பாரிஸ் பூயோன், லியோன் பூஷோன்: சாப்பிடப் போகுமுன் கேட்டவை

வாசகர் கேள்வி – பதில்

"பிரான்ஸ் போகிறோம். பாரம்பரிய பிரெஞ்சு உணவகத்தில் ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட ஆசை, ஆனால்..." என்றுதான் இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் தொடங்குகின்றன. அந்த 'ஆனாலு'க்குப் பின்னால் வருபவற்றுக்கு இங்கே பதில்.

கே: பாரிஸில் நான்கு நாள் தங்குகிறோம். 'பூயோன் ஷார்த்தியே'வுக்குப் போயே ஆகவேண்டும் என்கிறார்கள். முன்பதிவு கிடையாதாமே? அது நல்ல சாப்பாட்டு இடமா, சுற்றுலாக்காரர்களுக்கான வேடிக்கையா? (கோவை வாசகி)

இரண்டும்தான். முதலில் பெயரைச் சொல்லிவிடலாம். பூயோன் என்றால் எலும்பும் இறைச்சியும் வேகவைத்து எடுத்த சாறு. 1855-ல் துவால் என்ற இறைச்சிக் கடைக்காரர் பாரிஸில், மத்தியச் சந்தையில் உழைப்பவர்களுக்கு மலிவு விலையில் சாறும் வேகவைத்த மாட்டிறைச்சியும் விற்க ஒரு கடை போட்டார். அந்த வகைக் கடைகளுக்கே பூயோன் என்ற பெயர் நிலைத்தது. ஷார்த்தியே சகோதரர்கள் தங்கள் கடையை 1896-ல் திறந்தார்கள். உயரமான கண்ணாடிக் கூரை, சுவரெங்கும் நிலைக்கண்ணாடி, தலைக்கு மேலே பித்தளைத் தொப்பித் தட்டுகள் என்று அந்தக் கூடம் இன்றும் அப்படியே இருக்கிறது. 1989-ல் அரசு அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. சுவரோரம் எண் போட்ட சிறு இழுப்பறைகளைப் பார்க்கலாம். தினமும் வரும் வாடிக்கையாளர்கள், சாப்பிடும்போது கை, வாய் துடைக்கும் தங்கள் துணியை வைத்துவிட்டுப் போக ஏற்பட்டவை அவை.

சமையலின் உச்சத்தைத் தேடி அங்கே போகக் கூடாது. ஆந்த்ரே எனும் முதல் சிறு தட்டு, ப்ளா எனும் முக்கிய உணவு, இனிப்பு மூன்றையும் ஒருவர் 20, 25 யூரோவுக்குள் முடித்துக்கொள்ள, பூயோன் கடைகளை விட்டால் பாரிஸில் வேறு இடம் எளிதில் கிடைக்காது. கணக்கு அவ்வளவுதான். அந்த விலை எப்படிக் கட்டுப்படியாகிறது என்று புரிந்தால் அங்கே எப்படி நடந்துகொள்வது என்பதும் புரிந்துவிடும். அட்டையில் இருப்பதில் பெரும்பகுதி முன்கூட்டியே செய்து வைக்கக்கூடியவை: அவித்த முட்டை மீது மயோனேஸ், வினிகர் எண்ணெயில் ஊறிய லீக் (பெரிய வெங்காயத்தாள் போன்ற காய்), பெரிய பாத்திரத்தில் மணிக்கணக்கில் வெந்த மாட்டிறைச்சிக் குழம்பு. சொன்ன சில நிமிடத்தில் தட்டு மேசைக்கு வரும். ஒரே நாற்காலியில் ஒரு நாளைக்குப் பல பேர் உட்கார்ந்து எழுந்தால்தான் கடைக்குக் கட்டுப்படியாகும்.

இடம்: கிரான் பூல்வார் மெட்ரோ நிலையம் (8, 9 தடங்கள்). அங்கிருந்து ஃபோபூர் மோன்மார்த்ர் தெருவில் 7-ஆம் எண். தெருவிலிருந்து பார்த்தால் வாசல்வளைவுதான் தெரியும். உள்ளே நுழைந்து முற்றத்தைத் தாண்டினால் கடை. தினமும் காலை 11:30 முதல் நள்ளிரவு வரை இடைவெளி இல்லாமல் திறந்திருக்கும். முன்பதிவு இல்லை, வரிசைதான். 11:30-க்குச் சற்று முன்பே போய் நில்லுங்கள், இல்லையென்றால் பிற்பகல் 3 முதல் 6-க்குள் போங்கள். வெள்ளி, சனி இரவு 8 மணிக்குப் போனால் வரிசை தெருவுக்கு வந்திருக்கும். ஆனாலும் அது நகரும் வேகம் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

முன்னால் வந்ததும் எத்தனை பேர் என்று கேட்பார்கள். விரலைக் காட்டினாலே போதும். காலி மேசையைப் பார்த்து நீங்களாகப் போய் உட்காரக் கூடாது. இரண்டு பேராகப் போனால் நால்வர் மேசையில் வேறு இருவருடன் உட்கார வைப்பார்கள். முகம் சுளிக்காதீர்கள், அந்த வீட்டு வழக்கம் அது. பெரிய பெட்டிகளோடு ரயில் நிலையத்திலிருந்து நேராகப் போகவேண்டாம், மேசைகளுக்கு நடுவே ஒரு ஆள் திரும்பத்தான் இடம் இருக்கும். மேலங்கியைத் தலைக்கு மேலுள்ள தொப்பித் தட்டில் போடலாம். பணப்பையும் பாஸ்போர்ட்டும் உங்களிடமே இருக்கட்டும்.

கே: 'மெனு' என்று கேட்டால் வேறு எதையோ கொண்டுவருவார்கள் என்கிறார்களே? (சேலம் வாசகர்)

நம் ஊரில் மெனு என்றால் அட்டை. அங்கே 'மெனு' என்பது நம் 'மீல்ஸ்' மாதிரி, ஒரே விலையில் இரண்டு மூன்று பதார்த்தங்கள் அடங்கிய தொகுப்பு. எல்லாம் எழுதியிருக்கும் அட்டைக்கு 'லா கார்த்' என்று பெயர். உட்கார்ந்தவுடன் "லா கார்த், ஸில் வூ ப்ளே" என்று கேளுங்கள்.

இன்னொரு வழுக்கல் 'ஆந்த்ரே'. அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்கு முக்கிய உணவு என்று பொருள், பிரான்ஸில் முதலில் வரும் சிறு தட்டு. முக்கிய உணவு 'ப்ளா'. அமெரிக்கப் பழக்கத்தில் ஆந்த்ரே மட்டும் கேட்டுவிட்டு, வந்த மூன்று துண்டு லீக்கைப் பார்த்து ஏமாறுபவர்கள் உண்டு. ஆந்த்ரேவும் ப்ளாவும், அல்லது ப்ளாவும் இனிப்பும் சேர்ந்த சிறு தொகுப்புக்கு 'ஃபோர்முல்' என்று பெயர். மதிய நேரத்தில் இதுதான் லாபம்.

மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டியதில்லை. ஆந்த்ரேவையும் ப்ளாவையும் முதலில் சொல்லுங்கள், இனிப்பைப் பிறகு கேட்பார்கள். காபி இனிப்போடு வராது, அதற்கும் பிறகு தனியாக வரும். வெறுமனே 'கஃபே' என்றால் விரலளவுக் கோப்பையில் கடும் கறுப்பு எஸ்பிரஸோ. பால் வேண்டுமென்றால் 'கஃபே க்ரேம்' கேட்கலாம். சாப்பாட்டுக்குப் பிறகு பால் காபி கேட்பதை அவர்கள் வினோதமாகப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

கே: தண்ணீருக்கே 6 யூரோ போட்டுவிட்டார்கள் என்று உறவினர் புலம்பினார். இலவசத் தண்ணீர் கிடையாதா? (திருச்சி வாசகர்)

உண்டு, கேட்கத் தெரிந்தால். "வாட்டர்" என்று மட்டும் சொன்னால் "ப்ளாத் ஊ கஸ்யோஸ்?" என்று திருப்பிக் கேட்பார்கள். சாதாரணமா, வாயு ஏற்றியதா என்பது கேள்வி. இரண்டுமே விலைக்கு விற்கும் பாட்டில்தான். நீங்கள் சொல்ல வேண்டியது "யூன் கராஃப் தோ". குழாய்த் தண்ணீர் ஜாடியில் வரும், காசு இல்லை. பாரிஸ் குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்கலாம். இலவசக் குடிநீர் கேட்கலாம் என்பதை உணவகங்கள் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் சட்டம்.

ரொட்டியும் அப்படியே. கேட்காமல் வரும், தீர்ந்தால் மறுபடி வரும், பில்லில் ஏறாது. அதற்குத் தனித் தட்டு தரவில்லையே என்று தேடவேண்டாம், மேசை விரிப்பின் மீதே வைப்பார்கள். வெண்ணெயும் கூட வராது.

அளவுகளில் ஒன்றை நினைவில் வையுங்கள். பீர் குடிப்பவர் 'தெமி' என்றால் வருவது அரை லிட்டர் அல்ல, 25 சென்டிலிட்டர். ஒயின் பாட்டிலாக வேண்டாமென்றால் 25 அல்லது 50 சென்டிலிட்டர் ஜாடியில் வரும் 'பிஷே' கேட்கலாம்.

கே: நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. கோழி, மீன் என்று சொன்னால் பிரச்சினை இருக்காதுதானே? (மதுரை வாசகி)

இந்த மாதக் கடிதங்களில் அதிக இடம் கொடுத்து எழுத வேண்டிய கேள்வி இது. சுருக்கமான பதில்: கோழி என்று சொல்வது போதாது.

காரணம் 'ஃபோன் த வோ' என்ற ஒரு பொருள். கன்றின் எலும்புகளை அடுப்பில் நன்றாகச் சிவக்க வறுத்து, வெங்காயம், கேரட், தக்காளி விழுது சேர்த்து, தண்ணீர் ஊற்றி ஏழெட்டு மணிநேரம் மெல்லக் கொதிக்கவிட்டு வடிகட்டுவார்கள். இளம் எலும்பில் பசைச்சத்து அதிகம், அதனால் சாறு கெட்டியாகி மினுமினுக்கும். பிரெஞ்சுச் சமையலில் பழுப்பு நிறச் சாஸ் எதற்கும் பெரும்பாலும் இதுதான் அடித்தளம். மிளகுச் சாஸ், காளான் சாஸ், வேட்டைக்காரர் பாணிக் கோழி, ஆரஞ்சு வாத்து என்று எங்கும் நுழைந்திருக்கும். கூட்டம் மிகுந்த கடைகளில் இதே சாறு பொடியாக டப்பாவில் இருக்கும். தட்டில் கோழிதான் இருக்கிறது, மேலே ஊற்றியது கன்று.

ஆகவே கேட்க வேண்டிய வாக்கியம்: "ஜெ ந மான்ஜ் நி பஃப் நி வோ." மாடும் கன்றும் சாப்பிடமாட்டேன் என்று பொருள். 'பஃப்' மட்டும் சொன்னால் கன்றை விட்டுவிடுவார்கள், அவர்களுக்கு இரண்டும் வேறு வேறு இறைச்சி. அடுத்ததாக "லா சோஸ், செ ஃபோன் த வோ?" என்று கேளுங்கள். சர்வர் அடுக்களைக்குள் போய்க் கேட்டு வருவார். பாரிஸ் அடுக்களைகளில் ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அந்தப் பதிலைச் சொல்லி அனுப்புபவரே தமிழராக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

நம்பி எடுக்கக்கூடியவை சில. முதலில் 'கோன்ஃபி த கனார்', அதாவது வாத்துக் கால். கல் உப்பில் ஒரு இரவு ஊறவைத்து, வாத்துக் கொழுப்பிலேயே மூழ்கவிட்டு, கொதிக்காத மெல்லிய சூட்டில் இரண்டு மூன்று மணிநேரம் வேகவைத்து, பரிமாறும்போது தோல்பக்கத்தை முறுக விடுவார்கள். சாஸ் இல்லாமலே வரும் தட்டு இது. கூட வரும் உருளைக்கிழங்கு அதே கொழுப்பில் வறுத்தது. கொஞ்சம் உப்பு தூக்கலாக இருப்பது பிழையல்ல, பதப்படுத்தும் முறையே அப்படி. அடுத்தது மீன், 'பெர் பிளான்' சாஸுடன். அது வெண்ணெய், சின்ன வெங்காய வகை, வெள்ளை ஒயின் மட்டும். கோழியில் 'பூல் ஓ போ' எளிது, முழுக் கோழியைக் காய்கறியோடு அதன் சாற்றிலேயே வேகவைத்தது. வறுத்த கோழி எடுத்தால் 'ஜூ' என்று வரும் சாற்றைப் பற்றி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயரில் ஏமாற்றுபவை இவை. 'ரி த வோ' சோறு அல்ல. அரிசிக்கான சொல்லும் இதுவும் காதுக்கு ஒன்றுபோல் இருக்கும், வருவதோ கன்றின் கழுத்துச் சுரப்பி. 'ஆஷி பார்மாந்தியே' மசித்த உருளைக்கிழங்கு போலத் தெரியும், அடியில் கொத்திய மாட்டிறைச்சி. 'பாவெத்', 'ஆந்த்ரெகோத்', 'ஓங்லே' என்று இறைச்சியின் பெயரே சொல்லாமல் வெறும் வெட்டின் பெயர் மட்டும் போட்டிருந்தால் அது மாடுதான். 'தார்தார்' என்றால் பச்சை மாட்டிறைச்சி, கூடவே பச்சை முட்டைக் கரு. 'ஆந்துயெத்' பன்றிக் குடலால் ஆன சாசேஜ். அதன் வாடை தட்டு வருமுன்பே வந்துவிடும்.

இன்னொன்று. உணவகங்கள் 14 ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலைக் கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அதில் பால், முட்டை, கடலை, மீன் எல்லாம் இருக்கும், மாடும் பன்றியும் இருக்காது. வாயால் கேட்பதைத் தவிர வழியில்லை. வட பிரான்ஸ் பக்கம் போகிறவர்கள் உருளைக்கிழங்கு வறுவலையும் கேட்க வேண்டும். அங்கே மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் வழக்கம் உண்டு.

கே: முழுச் சைவம். பட்டினிதானா? (கும்பகோணம் வாசகி)

பட்டினி இல்லை, ஆனால் ப்ளா பகுதியில் தேடாதீர்கள். ஆந்த்ரேவிலும் துணைக் காய்கறியிலும்தான் உங்கள் சாப்பாடு இருக்கிறது.

ஆந்த்ரேவில் லீக் வினெக்ரெத், துருவிய கேரட், கடுகு மயோனேஸில் பிசைந்த செலரிக் கிழங்கு, சுட்ட ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட். மயோனேஸில் முட்டை உண்டு, முட்டையும் வேண்டாம் என்பவர்கள் செலரியை விட்டுவிடுங்கள். ப்ளாவுக்குப் பதிலாக இரண்டு மூன்று 'கார்னித்யூர்', அதாவது துணைக் காய்கறி, தனியாகக் கேளுங்கள். வெண்ணெயில் வதக்கிய பச்சை பீன்ஸ் இருக்கும். கிராத்தேன் தோஃபினுவா கிடைத்தால் விடாதீர்கள். மெல்லிய வில்லைகளாகச் சீவிய உருளைக்கிழங்கைப் பாலிலும் கிரீமிலும் பூண்டுவாசத்தோடு அடுப்பில் வேகவைத்தது அது, பழைய முறையில் முட்டையும் கிடையாது. ரத்தத்தூய் என்ற காய்கறிக் கதம்பம் இருந்தால் அதுவும் சைவம்தான்.

மறைந்திருப்பவை: பருப்பு சாலட்டிலும் கீரை சாலட்டிலும் 'லார்தோன்' என்ற பன்றிக் கொழுப்புத் துண்டுகள். அட்டையில் எழுதாமலும் போடுவார்கள். "ஸான் லார்தோன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வெங்காய சூப் பெயரைக் கேட்டால் சைவம், அடியில் இருப்பது பெரும்பாலும் மாட்டு எலும்புச் சாறு. காய்கறி சூப்பில் கோழிச் சாறு இருக்கலாம். "வெஜிதாரியேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்தாமல் "ஸான் வியாந்த், ஸான் ப்வாஸோன்" என்று இறைச்சியையும் மீனையும் பெயர் சொல்லி விலக்குங்கள். மீன் சைவம் என்று நினைக்கும் சர்வர்கள் இல்லாமல் இல்லை.

கண்டிப்பானவர்களுக்கு ஒரு விஷயம். பாரம்பரியச் சீஸ்களில் பாலைத் திரிக்கப் பயன்படுவது பெரும்பாலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். இது ஏற்புடையதல்ல என்றால் சீஸை மொத்தமாக ஒதுக்க வேண்டியதுதான். இனிப்பில் 'ரி ஓ லே' எடுங்கள், பாலில் குழைந்த அரிசி. ஏலக்காய் இல்லை, வனிலா இருக்கும். சில கடைகளில் முட்டைக் கரு சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: நத்தை ஒருமுறை முயன்று பார்க்க ஆசை. அந்த இடுக்கியைப் பிடிக்கத் தெரியாமல் ஓடு பறந்துபோய் பக்கத்து மேசையில் விழும் என்கிறார்களே? (சென்னை வாசகர்)

விழும். இடுக்கி என்றால் அழுத்தினால் பிடிக்கும், விட்டால் தளரும் என்பது நம் கை கற்ற பாடம். நத்தை இடுக்கி அதற்கு நேர் எதிர். கைப்பிடியை அழுத்தினால் வாய் திறக்கும், கையைத் தளர்த்தினால் வில் இறுக்கி ஓட்டைக் கவ்விக்கொள்ளும். வழுக்கப் போகிறதே என்று பயந்து மேலும் அழுத்துகிறோம் பாருங்கள், அந்தக் கணத்தில்தான் வாய் திறந்து, வெண்ணெய் பூசிய ஓடு எகிறுகிறது.

இடது கையில் இடுக்கி. அழுத்தித் திறந்து, ஓட்டின் வாய் உங்களைப் பார்க்கும்படி கவ்வவைத்து, கையைத் தளர்த்திவிடுங்கள். இனி ஓடு எங்கும் போகாது. வலது கையில் இரண்டு பல் முள்கரண்டி. சதையில் குத்தி, ஓட்டின் சுருள் போகும் திசையிலேயே மெல்லத் திருகினால் முழுசாக வெளியே வரும். நேராக இழுத்தால் நுனி உள்ளேயே அறுந்து நிற்கும். ஓட்டில் மிச்சமிருக்கும் பூண்டு, பார்ஸ்லி வெண்ணெயை ரொட்டி மீது கவிழ்த்துக்கொள்ளுங்கள். உண்மையில் இந்தத் தட்டின் ருசியே அதில்தான், நத்தைக்குத் தனக்கென்று பெரிய சுவை கிடையாது. ஆறும் பன்னிரண்டுமாகத் தருவார்கள். முதல்முறைக்கு ஆறு போதும். தட்டு அடுப்பிலிருந்து நேராக வரும், குழியில் வெண்ணெய் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். ஓட்டைக் கையால் தொடவேண்டாம்.

கே: சாப்பிட்டு முடித்து அரைமணி ஆகியும் பில் வரவில்லை. அவமதிப்பா? டிப்ஸ் எவ்வளவு வைக்க வேண்டும்? (புதுச்சேரி வாசகர்)

அவமதிப்பு இல்லை, மரியாதை. கேட்காமல் பில்லைக் கொண்டுவந்து வைத்தால் 'எழுந்து போ' என்று சொல்வது போல என்பது அவர்கள் எண்ணம். சர்வரின் கண்ணைப் பிடித்து "லாதிஸியோன், ஸில் வூ ப்ளே" என்று சொல்லுங்கள். விரலைச் சொடுக்குவதும் 'கார்ஸோன்' என்று கூப்பிடுவதும் கூடாது. "முஸ்யே", "மதாம்" போதும். நுழைந்தவுடன் சொல்லும் ஒரு "போன்ஜூர்" இதையெல்லாம்விட அதிக வேலை செய்யும். அதைச் சொல்லாமல் நேராகத் தேவையைச் சொன்னால் சர்வர் இறுகிப்போவார். பிரெஞ்சுக்காரர்கள் சிடுமூஞ்சிகள் என்ற பேச்சில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

விலையில் வரியும் சேவைக் கட்டணமும் ஏற்கெனவே அடங்கியிருக்கும். பில்லில் 'செர்வீஸ் கோம்ப்ரி' என்று எழுதியிருப்பதன் பொருள் அதுதான். டிப்ஸ் கட்டாயம் இல்லை. திருப்தியாக இருந்தால் ஓரிரு யூரோ நாணயம், நல்ல கவனிப்பு என்றால் நூற்றுக்கு ஐந்து. கார்டு இயந்திரம் இப்போது சில இடங்களில் 5%, 10% என்று திரையில் கேட்கிறது. வேண்டாம் என்று அழுத்தத் தயங்காதீர்கள்.

ஷார்த்தியேவில் பில் காகிதத்தில் அச்சாகி வராது. கறுப்புக் கோட்டும் வெள்ளை ஏப்ரனும் அணிந்த சர்வர் நீங்கள் சொன்னதை மேசைமீது விரித்த காகிதத்திலேயே எழுதி, கடைசியில் அதிலேயே கூட்டிப்போடுவார். அந்த மூலையில் தண்ணீர் ஜாடியை வைக்காதீர்கள். கூட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பிரெஞ்சுக் கையெழுத்தில் 1-க்கு மேலே இடப்பக்கம் நீண்ட கொடி இருக்கும், நம் கண்ணுக்கு 7 போலத் தோன்றும். அவர்களுடைய 7-க்கு நடுவே குறுக்குக் கோடு உண்டு. 12,50 என்று காற்புள்ளி போட்டிருந்தால் பன்னிரண்டரை யூரோ. ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகுமுன் இந்த மூன்றையும் சரிபாருங்கள்.

கார்டில் கட்டும்போது இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள், அது உங்களுக்கு நஷ்டம். இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது. புறப்படுமுன் வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள்.

கே: ஸ்டேக்கை நன்றாக வேகவைக்கச் சொன்னால் சமையல்காரர் கோபிப்பாரா? (நாகர்கோவில் வாசகர்)

கோபிக்கமாட்டார், மனதுக்குள் வருத்தப்படுவார். 'ப்ளே' என்றால் வெளியே மட்டும் சூடுகாட்டியது, 'ஸேஞான்' உள்ளே சிவப்பும் சாறும், 'அ ப்வேன்' நடுவில் இளஞ்சிவப்பு, 'பியேன் குயி' முழுதாக வெந்தது. மற்ற நாடுகளில் கிடைப்பதைவிட அங்கே ஒவ்வொன்றும் ஒரு படி குறைவாகவே வெந்திருக்கும். நடுத்தரம் வேண்டுபவர் அ ப்வேன் கேட்டால் ரத்தநிறம் பார்க்க நேரும். சிவப்பே பிடிக்காதென்றால் ஸ்டேக்கை விட்டு 'பஃப் பூர்கிஞோன்' எடுங்கள். ஒயினில் மூன்று மணிநேரம் வெந்த துண்டுகள், கரண்டி பட்டாலே பிரியும்.

கே: பிற்பகல் 3 மணிக்குப் பசியோடு போனால் எல்லாக் கடையும் மூடியிருக்கிறது என்கிறார்களே? (ஈரோடு வாசகி)

ஆம். மதியம் 12 முதல் 2, இரவு 7 அல்லது 7:30 முதல் 10 வரைதான் பெரும்பாலான அடுக்களைகள் எரியும். நடுவே பணியாளர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வாசலில் 'செர்வீஸ் கோந்தினு' (இடைவெளி இல்லாத சேவை) என்று எழுதியிருக்கும் பிராஸரி வகை உணவகமோ பூயோனோ தேடுங்கள்.

கே: லியோன் நகருக்கும் போகிறோம். அங்கே 'பூஷோன்' என்பது பூயோனா? (தஞ்சாவூர் வாசகர்)

இல்லை, ஓசைதான் ஒன்று. பூஷோன் லியோனுக்கே உரிய சிறிய சாப்பாட்டுக் கடை. அந்நகரின் பட்டு நெசவாளர்கள் வயிறாரச் சாப்பிட்ட பாணி. கட்டம் போட்ட மேசை விரிப்பு, நெருக்கமான இருக்கை, கனமான தட்டுகள். பூயோனுக்கு நேர்மாறாக, இங்கே முன்பதிவு செய்தே போக வேண்டும், இடம் குறைவு. ஞாயிறன்று பல கடைகள் மூடிக்கிடக்கும். பெயர்ப்பலகையில் பூஷோன் என்று போட்டதெல்லாம் பூஷோன் அல்ல. பழைய நகரத்தின் சுற்றுலாத் தெருவில் ஆறு மொழிகளில் படத்தோடு அட்டை வைத்திருக்கும் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

லியோன் அட்டை குடல், இரைப்பை, தலை என்று உள்ளுறுப்புகளால் நிறைந்தது. 'தாப்லியே த ஸப்பேர்' என்றால் ரொட்டித்தூள் தோய்த்துப் பொரித்த மாட்டு இரைப்பை. 'ஸலாத் லியோனேஸ்' எனும் கீரையில் லார்தோன் கட்டாயம் இருக்கும். இவற்றுக்கு நடுவே 'ஸெர்வெல் த கன்யூ' என்று ஒன்றைப் பார்ப்பீர்கள். 'நெசவாளியின் மூளை' என்று பொருள். படித்தவுடன் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். உண்மையில் அது தயிர்ப்பதத்தில் உள்ள வெள்ளைச் சீஸில் பூண்டு, சின்ன வெங்காயம், வெங்காயத்தாள் போன்ற மூலிகை, வினிகர், எண்ணெய் கலந்து அடித்தது. நம் வெங்காயப் பச்சடிக்கு ஒன்றுவிட்ட உறவு. மூளையும் இல்லை, இறைச்சியும் இல்லை. சுட்ட ரொட்டியோடு தொட்டுச் சாப்பிடலாம்.

மீன் சாப்பிடுபவர்களுக்கு 'கெனெல்'. பைக் என்ற ஆற்று மீனின் சதையை மாவு, வெண்ணெய், முட்டையோடு அரைத்து உருட்டி, வேகவைத்துப் பின் சாஸோடு அடுப்பில் வைப்பார்கள். வரும்போது இரண்டு மடங்காக உப்பி நிற்கும், பேசிக்கொண்டே இருந்தால் அமுங்கிவிடும். வந்தவுடன் சாப்பிடுங்கள். மேலே ஊற்றும் நாந்துவா சாஸ் நன்னீர் இறால் வகையில் செய்தது, ஓடுள்ளவை ஒவ்வாதவர்கள் கவனிக்க. ஒயின் 'போ' என்ற அடி கனத்த கண்ணாடிக் குப்பியில் வரும். அதன் அளவு 46 சென்டிலிட்டர். அரை லிட்டரில் கொஞ்சம் குறைகிறதே என்று கேட்காதீர்கள், லியோனின் அளவே அதுதான்.

கே: குழந்தைகளுக்கு இனிப்பு வாங்கும்போது கவனிக்க வேண்டியது உண்டா? மீதியைக் கட்டிக் கொடுப்பார்களா? (வேலூர் வாசகி)

'பாபா ஓ ரோம்' கேக் ரம் கலந்த சர்க்கரைப் பாகில் ஊறியது. சமைத்தபின் ஊற்றுவதால் சாராயம் அப்படியே இருக்கும். 'கொலோனெல்' என்ற எலுமிச்சை ஐஸில் வோட்கா. இரண்டும் குழந்தைக்கு ஆகாது. 'ஈல் ஃப்ளோதான்' வாங்கிக் கொடுங்கள். அடித்து நுரையாக்கிய முட்டை வெள்ளை, குளிர்ந்த வனிலாப் பாலில் தீவு மாதிரி மிதக்கும். தனித் தட்டு வேண்டாமென்றால் "தெ குய்யேர்" என்று இரண்டு கரண்டி கேட்டுப் பகிர்ந்துகொள்ளலாம், இனிப்பில் யாரும் தவறாக நினைப்பதில்லை. ப்ளா மட்டும் ஆளுக்கொன்று சொல்லுங்கள். கூட்ட நேரத்தில் இரண்டு பேருக்கு ஒரு ப்ளா என்றால் சர்வர் முகம் மாறும்.

மீதியைக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது 2021 ஜூலை 1 முதல் சட்டம். வேண்டியமட்டும் எடுத்துக்கொள்ளும் பஃபேக்கு மட்டும் விலக்கு. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டால் மிச்சம் குப்பைக்குப் போயிருக்கும், அதற்கு முன்பே "புவி-ஜ் அம்போர்தே?" என்று கேட்டுவிடுங்கள்.